புது மனையில நீளப் புடலை, சுரை போடணுமா? விதைக்கு முன்னாடி மண்ணுல பண்ண வேண்டிய வேலைகள்

வீடு கட்டி முடிச்ச கையோட பின்பக்கம் மிச்சம் கிடக்கிற ஒரு சென்ட், ரெண்டு சென்ட் இடத்துல பந்தல் போட்டு புடலையும் சுரையும் ஏத்தலாம்னு இருக்கிறவங்களுக்காக இதை எழுதறேன். நான் இருக்கிறது கோவைக்கு வெளிய, அதனால இங்கத்த மண்ணை வச்சுதான் பேசுவேன். ஆனா சவுடு, கிராவல் அடிச்சு ரொப்பின மனைன்னா எந்த ஊரா இருந்தாலும் பாதிக்கு மேல பொருந்தும்.

ஒன்னு முதல்லயே சொல்லிடறேன். காய் நீளமா வரலைன்னா உடனே மண்ணைத் திட்டாதீங்க, விதை பாக்கெட்டைப் பாருங்க. வேளாண் பல்கலையோட கோ 1 புடலை அஞ்சடிக்கு மேல போகும், 160லேர்ந்து 180 சென்டிமீட்டர். கோ 2 குட்டை ரகம், ஒரு அடிதான் வரும், அதுக்கு நீங்க தங்கத்தை உருக்கி ஊத்தினாலும் அவ்ளோதான். சுரையிலயும் குண்டு ரகம், நீள ரகம் தனித்தனி. நீள ரகம் வாங்கியும் காய் ரெண்டடியிலேயே சுருண்டு நின்னா, அப்ப குழியைச் சந்தேகப்படலாம்.

1. முதல்ல கடப்பாரை, அப்புறம்தான் பர்ஸ்

யூடியூப்ல பார்த்துட்டு நேரா கடைக்குப் போய் மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), அது இதுன்னு ரெண்டாயிரத்துக்கு வாங்கிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. வேண்டாங்க. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி மூணு இடத்துல ரெண்டடி ஆழம் தோண்டிப் பாருங்க. மேல அரையடி அழகான செம்மண் இருக்கும், அது வீடு கட்டினவங்க கடைசியா தூவி விட்டது. அதுக்குக் கீழ செங்கல் துண்டு, காய்ஞ்ச சிமெண்ட் கலவை, டைல்ஸ் உடைசல், கம்பி, பெயிண்ட் டப்பா மூடி வரைக்கும் வரும். இந்த சிமெண்ட் கலவையும் சுண்ணாம்பும்தான் பெரிய வில்லன், மண்ணோட காரத்தன்மையை ஏத்தி விட்டுடும்.

தோண்டின குழியிலேயே மூணு டெஸ்ட் பண்ணிடலாம், காசே ஆகாது.

குழி நிறைய தண்ணி ஊத்துங்க. முழுசா உறிஞ்சினதும் மறுபடி ஒரு தடவை ஊத்தி நேரம் பாருங்க. ரெண்டாவது தண்ணி சில மணி நேரத்துல இறங்கிட்டா பிரச்சனை இல்ல. மறுநாள் காலையிலயும் குளம் மாதிரி நின்னா கீழ லாரி ஏறி இறுகின அடுக்கு இருக்குன்னு அர்த்தம். அதை உடைக்காம மேல எவ்ளோ எரு போட்டாலும் வேர் அழுகும். ஊத்த ஊத்த நிமிஷத்துல காணாமப் போனா வெறும் கிராவல், அங்க எருவும் மண்ணும்தான் ஜாஸ்தி தேவைப்படும்.

அடுத்தது, கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி, நல்லா குலுக்கி அசையாம வைங்க. மணல் ஓரிரு நிமிஷத்துல அடியில உட்காரும், வண்டல் சில மணி நேரத்துல, களி ஒரு நாளோ அதுக்கு மேலயோ எடுத்துக்கும். அடுக்கைப் பார்த்தாலே எது ஜாஸ்தின்னு தெரியும். புடலைக்கும் சுரைக்கும் மணல் கலந்த வண்டல்தான் இஷ்டம்.

மூணாவது, காய்ஞ்ச மண்ணு ஒரு ஸ்பூன் எடுத்து அதுமேல வினிகர் விடுங்க. புஸ்ஸுனு நுரைச்சா மண்ணுல சுண்ணாம்பு இருக்கு. எங்க பக்கம் செம்மண்ணா இருந்தாலும் கரிசலா இருந்தாலும் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்லு) கலந்து கிடக்கிறது சகஜம், அதனால நுரைச்சா பயந்துடாதீங்க. தெரிஞ்சு வச்சுக்கணும், அவ்ளோதான். மூணாவது ஸ்டெப்ல இது உதவும்.

2. மண் பரிசோதனை, அதுக்கு என்னென்ன பேப்பர்

அரசு வேளாண்மைத் துறையோட மண் பரிசோதனை நிலையம் மாவட்டத்துல இருக்கு, பக்கத்துல கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) இருந்தா அங்கயும் கேட்கலாம், கோவைக்காரங்களுக்கு வேளாண் பல்கலையே இருக்கு. அரசு லேப்ல கட்டணம் ரொம்ப கம்மி, தனியார்ல பல மடங்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கட்டணமும் ரிசல்ட் எப்ப வரும்னும் கேட்டுக்கோங்க, ஏன்னா ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி கூட்டம் சேர்ந்து வாரக்கணக்குல இழுக்கும்.

கையில வச்சுக்க வேண்டியது: ஆதார் ஜெராக்ஸ், போன் நம்பர், இடத்தோட சர்வே நம்பரும் உட்பிரிவு நம்பரும். மனைக்காரங்க இங்கதான் மாட்டுவாங்க. விவசாயி சிட்டாவை நீட்டிடுவாரு, நம்ம கிட்ட பிளாட் நம்பர் மட்டும்தான் மனப்பாடமா இருக்கும். கிரயப் பத்திரத்துல சொத்து விவரம்னு கடைசியில வரும் பாருங்க, அதுல சர்வே நம்பர் இருக்கும், இல்லன்னா பட்டாவுல பாருங்க. ஒரு லேப்ல என் மண்ணு பையை வாங்கி மூலையில வச்சுட்டு, "சர்வே நம்பர் இல்லாம என்ட்ரி போட முடியாதுங்க சார்"னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். சர்வே நம்பர் கிடைச்சதும் தமிழ் மண்வளம்னு அரசு வலைதளம் இருக்கு, அதுல மாவட்டம், கிராமம், நம்பர் போட்டு உங்க பகுதி மண்ணைப் பத்தி பழைய விவரம் ஏதும் இருக்கானு பார்த்துக்கலாம். ஆனா மனை ரொப்பறதுக்கு முன்னாடி எடுத்த விவரம் இப்ப உங்க குழிக்கு உதவாது, புதுசா எடுத்துத்தான் ஆகணும்.

மண்ணு எடுக்கிற விதம் முக்கியம். ஒரே இடத்துல அள்ளிட்டுப் போகாதீங்க. பந்தல் வரப்போற இடத்துல குறுக்கும் நெடுக்குமா அஞ்சாறு இடம் தேர்ந்தெடுத்து, மேல இருக்கிற சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரி அரையடிக்கு வெட்டி, அந்த வெட்டோட ரெண்டு பக்கச் சுவர்லேர்ந்தும் மேலிருந்து கீழ ஒரே கனத்துல சுரண்டி எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து, வட்டமா பரப்பி, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளி விடுங்க. அரை கிலோ மிஞ்சற வரைக்கும் இதையே பண்ணுங்க. நிழல்ல உலர்த்துங்க, வெயில்ல வேண்டாம். மரத்தடி, எருக்குழி ஓரம், சுவரை ஒட்டின இடம் எடுக்காதீங்க. தகர வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும், தகரத்துல துத்தநாகப் பூச்சு இருக்கும், ரிசல்ட்டுல அதுவும் ஏறிடும். அதே மாதிரி பழைய யூரியா சாக்குல போட்டுக் கொண்டு போகாதீங்க, சிரிக்காதீங்க, நிறைய பேர் அப்படித்தான் கொண்டு வர்றாங்க.

ஃபார்ம்ல என்ன பயிர்னு கேட்டா "வீட்டுத் தோட்டம்"னு எழுதாம "புடலை, சுரை"ன்னு எழுதுங்க, பரிந்துரை பயிரை வச்சுதான் வரும்.

3. ரிப்போர்ட் வந்தாச்சு, இப்ப என்ன

மண்வள அட்டையில 12 விஷயம் இருக்கும், எல்லாத்தையும் பார்த்து குழம்பாதீங்க. முதல்ல மூணு போதும்.

பிஹெச், அதாவது மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற அளவு. 6.5லேர்ந்து 7.5 வரைக்கும் இருந்தா நீங்க அதிர்ஷ்டக்காரர். 7.5க்கு மேல 8.3 வரை போய், வினிகர் டெஸ்ட்லயும் நுரைச்சிருந்தா அது சுண்ணாம்பு மண்ணு. இதை சரி பண்றேன்னு கந்தகம் வாங்கிக் கொட்டறது வீண், அந்த சுண்ணாம்பு கரையணும்னா மூட்டைக்கணக்குல வேணும். ஜிப்சம் போட்டாலும் இதுக்கு உதவாது, ஜிப்சம்ங்கிறது 8.5க்கு மேல போற சோடியம் களர் மண்ணுக்கு, அதுவும் எவ்ளோன்னு லேப்ல கேட்டுட்டுப் போடணும். சுண்ணாம்பு மண்ணுல நாம பண்ணக்கூடியது குழி மண்ணை மாத்தறது, மக்கின எருவை ஏத்தறது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கூட கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலை மேல தெளிக்கிறது. அப்புறம் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடறதை நிறுத்தறது! சாம்பல் நல்லதுன்னு பாட்டி சொன்னது புளிச்ச (அமில) மண்ணுக்கு வேணா சரி, ஏற்கனவே காரமா இருக்கிற மண்ணுக்கு இல்ல.

ஈசி, அதாவது உப்பு அளவு. 1க்குக் கீழ இருந்தா கவலை இல்ல.

கரிமச் சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா குறைவு, 0.75க்கு மேல நல்லது. ரொப்பின மனையில 0.75 பார்த்தீங்கன்னா ரிப்போர்ட் மாறிப்போச்சான்னு ஒரு தடவை பேரைப் பாருங்க.

உரப் பரிந்துரை எல்லாம் ஹெக்டேருக்கு இவ்ளோ கிலோன்னு வரும். கணக்கு சிம்பிள், ஹெக்டேருக்கு 100 கிலோன்னா சதுர மீட்டருக்கு 10 கிராம்.

4. தேதிக் கணக்கு, இதுல கோட்டை விட்டா ஒரு பட்டம் போச்சு

புடலைக்கு ரெண்டு பட்டம் வச்சுக்கலாம், ஜூன் ஜூலை ஒன்னு, டிசம்பர் ஜனவரி ஒன்னு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆடிக்கு முதல் வாரம் மண்வெட்டியைத் தேடினா ஒன்னும் நடக்காது. பின்னாடியிருந்து எண்ணுங்க.

பங்குனியில மண்ணு எடுத்து லேப்புக்குக் குடுத்துடுங்க. சித்திரை வெயிலை வீணாக்காதீங்க, இடத்தைக் கொத்தி, நல்லா ஈரமாக்கி, கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு ஓரத்தை மண்ணு போட்டு மூடி நாலு வாரமாவது விடுங்க. கறுப்பு ஷீட்டு வேலை செய்யாது, ஷீட்டு மட்டும்தான் சூடாகும், மண்ணை அந்த அளவுக்கு சூடாக்காது. இதுல களை விதை, நூற்புழு, வேரழுகல் பூஞ்சாணம் நிறைய அடங்கும். வைகாசி பாதியில சணப்பையோ தக்கைப்பூண்டோ நெருக்கமா விதைச்சு, ஒரு சென்ட்டுக்கு 200 கிராம் விதை தாராளம், 45 நாள்ல பூ எடுக்கிற சமயம் வெட்டி மண்ணுக்குள்ள மடக்குங்க. பூ முத்தி தண்டு நாராயிட்டா மக்க நேரம் பிடிக்கும். மடக்கினதுக்கு அப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல ஈரத்தோட விட்டா ஆடி பாதியில விதை போட மண்ணு ரெடி.

நேரம் இல்லாதவங்க சணப்பை, தக்கைப்பூண்டு பசுந்தாளை விட்டுடலாம், ஷீட்டை விடாதீங்க.

5. எரு வாங்கறது

பணம் போறதும் ஏமாறதும் இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

யாரைக் கேட்டாலும் "நல்லா மக்கின எருங்க, அள்ளிப் பாருங்க"ம்பாங்க. அள்ளித்தான் பாருங்க. குவியலோட மேல இல்ல, முழங்கை வரைக்கும் உள்ள விட்டு எடுங்க. உள்ள சூடா இருந்தா மக்கலை. சாணி வாசனையோ மூக்கைத் துளைக்கிற நெடியோ வந்தா மக்கலை. வைக்கோல் வைக்கோலா, சாணி வரட்டியா தெரிஞ்சா மக்கலை. நல்ல எரு கருப்பா, உதிரியா, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட கையில ஒட்டாம விழும். சந்தேகமா இருந்தா ஒரு கைப்பிடியை ஈரமாக்கி ஜிப் கவர்ல மூடி நாலஞ்சு நாள் வச்சுத் திறந்து பாருங்க, கவர் உப்பி நாத்தம் அடிச்சா இன்னும் வேலை பாக்கி இருக்கு. பச்சைச் சாணி எரு போட்டா முளைச்ச செடி வேர் வெந்து போகும், கூடவே கட்டை விரல் தடிமன்ல வெள்ளைப் புழு வரும், அது வேரைத் தின்னுட்டு செடியைப் படுக்க வச்சுடும். எருவைக் கொட்டினதும் பரப்பி, புழு இருந்தா பொறுக்கிப் போடுங்க, கோழி இருந்தா அந்த வேலையை அதுங்க கிட்ட விட்டுடுங்க.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. சரிதான், ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பிடிக்கும், பாதிக்குப் பாதி கலந்தா நல்லது, புழுக்கையை நுணுக்கிப் போடுங்க. கோழி எரு வேண்டாம், உப்பும் சூடும் ஜாஸ்தி, பழக்கப்படாதவங்க கையில அது செடியைக் கருக்கத்தான் செய்யும்.

கோகோபீட் பந்தல் குழிக்குத் தேவையே இல்லங்கிறது என் கருத்து. மாடித்தோட்டத் தொட்டிக்கு சரி. தரையில போடறதா இருந்தா கழுவின கட்டிதானான்னு கேட்டு வாங்குங்க, கழுவாததுல உப்பு இருக்கும்.

செம்மண் வெளியேர்ந்து வாங்கறீங்கன்னா லோடுக்காரர் கிட்ட நடைச்சீட்டு இருக்கான்னு கேளுங்க. அனுமதி இல்லாம ஏரி மண்ணை ராத்திரியில அடிக்கிறவங்க இருக்காங்க, வண்டி மாட்டினா உங்க வாசலும் சேர்ந்து மாட்டும். மண்ணையும் கொட்டறதுக்கு முன்னாடி வினிகர் விட்டுப் பாருங்க, காசு குடுத்து சுண்ணாம்பு மண்ணை வாங்கக்கூடாது இல்லையா.

6. குழி

வயல்ல ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, ரெண்டரை மீட்டருக்கு ரெண்டு மீட்டர் இடைவெளி விடச் சொல்றது வேளாண் பல்கலை பரிந்துரை. வயல் மண்ணுல அது போதும், சுத்தி இருக்கிறதும் மண்ணுதானே. ரொப்பின மனையில குழிக்கு வெளிய வேருக்கு ஒன்னும் கிடைக்காது, அதனால ரெண்டடிக்கு ரெண்டடி, ஒன்னரை அடி ஆழம் எடுங்க. அடியில கடப்பாரையால குத்தி இறுகின அடுக்கை உடைச்சு விடுங்க. தோண்டினதுல வர்ற சிமெண்ட் கட்டி, கல்லு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, திருப்பி உள்ள தள்ளாதீங்க.

இந்தக் குழிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியால எட்டு ஒன்பது வாளி பிடிக்கும். அஞ்சு வாளி நல்ல மேல்மண் அல்லது செம்மண், மூணு வாளி மக்கின எரு, அரை வாளி மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ, எலும்புத்தூள் 100 கிராம். களி ஜாஸ்தின்னா எருவைக் கூட்டுங்க, மணலைக் கூட்டாதீங்க, களியில கொஞ்சம் மணல் கலந்தா இன்னும் இறுகத்தான் செய்யும். எம்சாண்ட் கிட்டயே போகாதீங்க. ரசாயன உரம் போடறவங்க எலும்புத்தூளுக்குப் பதிலா 6:12:12 என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து) கலவை குழிக்கு 100 கிராம் போடலாம், அது பல்கலை சொல்ற அளவு.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, இந்த நாலு நல்ல நுண்ணுயிரும் தூளா கிடைக்கும். நேரா குழியில கொட்டறதை விட, பத்து நாள் முன்னாடியே நிழல்ல எருக் குவியல்ல கலந்து, ஈரம் தெளிச்சு, சாக்கு போட்டு மூடி வச்சா அதுங்க பெருகி வரும், வாங்கினதோட பலன் அப்பத்தான் தெரியும். பாக்கெட்ல காலாவதி தேதி பாருங்க. வெயில்ல கடை வாசல்ல அடுக்கி வச்சிருந்தா அது வெறும் மாவு. பூஞ்சாணக்கொல்லி மருந்து எதையும் இது கூட சேர்க்காதீங்க, இதுங்களே செத்துடும்.

குழியை மட்டமா மூடாம நாலு விரக்கடை மேடு கட்டி மூடுங்க, தண்ணி ஊத்த ஊத்த இறங்கும். பத்து நாள் ஈரமா விட்டு, கையை உள்ள விட்டுப் பார்த்து சூடு இல்லன்னா விதை.

7. தண்ணியும் மண்ணுதான்

போர் தண்ணியைக் காய்ச்சின பாத்திரத்துல வெள்ளைப் படிவம் கட்டுதா? அதேதான் மண்ணு மேலயும் கட்டும். மண்ணோட சேர்த்து தண்ணியையும் லேப்ல குடுத்துப் பார்த்துடுங்க. ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய போற தண்ணி வீணாகுதேன்னு குழிக்குத் திருப்பி விடற வேலை வேண்டாம், உப்பைத் திரட்டித் தர்ற தண்ணி அது. சாஃப்ட்னர் தண்ணியில சோடியம், அதுவும் வேண்டாம்.

நீளக் காய்க்கு ஈரம் ஒரே சீரா இருக்கணும். ரெண்டு நாள் காயப்போட்டு மூணாம் நாள் குளம் கட்டினா காய் நடுவுல இடுப்பு ஒட்டி வளையும். குழி மேல காய்ஞ்ச இலையோ வைக்கோலோ மூணு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்க, தண்டை ஒட்டாம. புடலங்காய் நுனியில கல்லு கட்டறாங்களே, அது நேரா வர்றதுக்கு, நீளமா வர்றதுக்கு இல்ல. பந்தலை ஆறடிக்கு மேல போடுங்க, அஞ்சரை அடிக் காய் தரையில முட்டி நிக்கிறதைப் பார்த்திருக்கேன்.

8. மொத்தம் என்ன செலவு

நாலு குழிக்கு, எங்க பக்கத்து விலையில தோராயமா சொல்றேன். எரு ரெண்டு மூணு மூட்டை 400, மண்புழு உரம் 20 கிலோ 300, புண்ணாக்கும் எலும்புத்தூளும் சேர்த்து 120, நுண்ணுயிர் பாக்கெட்டுங்க 400, பிளாஸ்டிக் ஷீட்டு 500, சணப்பை விதை 100, குழி எடுக்க ஒரு ஆள் கூலி ஆயிரம். மூவாயிரத்துக்குள்ள முடியும். செம்மண் லோடும் பந்தலும் தனி. ஷீட்டைக் கிழியாம மடிச்சு வச்சா அடுத்த வருஷமும் ஓடும். இதுல எதைக் குறைச்சாலும் குழி எடுக்கிற ஆள் கூலியைக் குறைக்காதீங்க, அரைகுறை ஆழத்துல நிறுத்திட்டுப் போயிடுவாங்க, பக்கத்துலயே நின்னு அளந்து பாருங்க.

9. முளைச்சதுக்கு அப்புறம்

குழிக்கு அஞ்சு விதை போட்டு, 15 நாள்ல நல்லா இருக்கிற ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க, பிடுங்கினா பக்கத்து வேர் ஆடும். முப்பதாவது நாள் மேலுரம், யூரியான்னா குழிக்கு 22 கிராம்தான் கணக்கு, அதாவது தழைச்சத்து 10 கிராம். கொடி பச்சைப்பசேல்னு ஓடுது, காயையே காணோம்னு சொல்றவங்க வீட்டுல விசாரிச்சா முக்கால்வாசி யூரியாவோ பச்சைச் சாணிக் கரைசலோ அளவு தாண்டிப் போயிருக்கும்.

காய்ப்பு ஓய்ஞ்சு கொடியை எடுக்கும்போது வெட்டித் தூக்கிப் போடாம ஒரு செடியை வேரோட கிளறி எடுத்துக் கழுவிப் பாருங்க. வேர் முழுக்க சின்னச் சின்ன முடிச்சா இருந்தா நூற்புழு இறங்கியிருக்கு. அடுத்த பட்டத்துல அந்தக் குழியில சுரை, புடலை, பீர்க்கு, வெண்டை, தக்காளி, கத்திரி எதுவும் வேண்டாம். நெருக்கமா செண்டுமல்லி போட்டு, பூவைப் பறிச்சுட்டு செடியை அங்கேயே மடக்கி விடுங்க. புடலைக்கு வேற குழி எடுங்க.